பொறுமை எதுவரை?

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய அக்ரஹாரத் தெருக்கள் பழைமை வாய்ந்தவை. நீலகண்ட சிவன் வாழ்ந்து நெஞ்சுருகப் பாடிய ஊர் கரமனை. மாலை வேளையில் விளக்கேற்றி நாமசங்கீர்த்தனம் செய்யும் இல்லங்கள் இன்றும் அங்கே உண்டு. அத்தெருக்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரே சுவர்தான். ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மறுவீட்டுக்கு வரும். ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகை மறுவீட்டில் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் இல்லத்தில் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு அடியேனுக்குக் கிடைத்தது. பக்தனின் இலக்கணங்களைப் பகவான் அடுக்கிச் சொல்லும் பகுதி அது. அதில் வரும் ‘க்ஷமீ’, அதாவது பொறுமை உடையவன், என்ற சொல்லை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பேசினேன். பூமி மிதிப்பவனையும் தாங்குகிறது, சந்தன மரம் வெட்டும் கோடரிக்கும் மணத்தைத் தருகிறது என்றெல்லாம் வழக்கமான உவமைகளைச் சொன்னேன்.

சத்சங்கம் முடிந்து பிரசாதம் வழங்கப்பட்டபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். “மாமா, ஒரு சந்தேகம். அடிக்கிற கையையும் பொறுத்துக்கொள்வதுதான் பொறுமையா? அது எதுவரை?” என்று கேட்டார். அவர் கைகூப்பியபோது புடவைத் தலைப்பு விலகியது. மணிக்கட்டுக்கு மேலே நீலம் பாய்ந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், “பகவானிடம் பாரத்தைப் போட்டுவிட்டு நாமஜபம் செய்யுங்கள் அம்மா. காலம் எல்லாவற்றையும் சரிசெய்யும்” என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுச் சென்றார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அன்று நான் அளித்தது அவருடைய கேள்விக்கு விடை அன்று. அந்தக் கேள்வியிலிருந்து நான் தப்பித்துக்கொண்ட வழி. அந்த விடையை இப்போதாவது தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறுமை யாருடைய அணிகலன்?

பொறுமையைப் போற்றாத சமயம் இல்லை. நம் சான்றோர் அதைப் போற்றிய விதத்தைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். எதிர்க்க வல்லவன் எதிர்க்காமல் இருப்பதையே அவர்கள் பொறுமை என்றனர். எதிர்க்க வழியற்றவன் அஞ்சி ஒடுங்குவதற்கு அவர்கள் அந்தப் பெயரைத் தரவில்லை.

சுவாமி விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்குகிறார். திருப்பித் தாக்கும் வலிமை இருந்தும் ஒருவன் தாக்காமல் இருந்தால் அதில் உயர்ந்த அன்பு உண்டு. வலிமையின்மையாலும் சோம்பலாலும் அச்சத்தாலும் வாளாவிருப்பவனுக்கு அதனால் எந்த ஆன்மிகப் பயனும் இல்லை. குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் பேசிய அகிம்சையைப் பகவான் ஏன் ஏற்கவில்லை என்பதற்கும் அவர் இதையே காரணமாகக் காட்டுகிறார்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் திரௌபதி தருமரிடம் ஒரு பழைய உரையாடலை எடுத்துரைக்கிறாள். பொறுமை சிறந்ததா, கடுமை சிறந்ததா என்று பலிச் சக்கரவர்த்தி தன் பாட்டனார் பிரகலாதரிடம் கேட்கிறான். எப்போதும் கடுமையாக இருப்பதும் நன்றன்று, எப்போதும் பொறுத்துக்கொண்டே இருப்பதும் நன்றன்று என்பது பிரகலாதர் அளித்த விடை. எந்நேரமும் பொறுப்பவனை அவனைச் சார்ந்தவர்களே மதிக்கமாட்டார்கள். அவனுடைய உடைமைகளையும் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் எச்சரிக்கிறார். அறியாமையால் செய்த பிழையைப் பொறுக்கலாம். முதல் பிழையையும் பொறுக்கலாம். ஆனால் தெரிந்தே செய்துவிட்டுத் தெரியாமல் செய்ததாக நடிப்பவனையும், இரண்டாம் முறை பிழை செய்பவனையும் பொறுக்கலாகாது என்று வரையறை செய்கிறார். இதைச் சொல்பவர் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெற்ற தந்தையின் கையாலேயே சொல்லொணாக் கொடுமைகளை அனுபவித்த குழந்தை அவர். வீட்டுக்குள் நிகழும் வன்முறையை அவரைவிட நன்கறிந்தவர் நம் புராணங்களில் வேறு யார்?

ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன பாம்பின் கதையை நம் அன்பர்கள் அனைவரும் அறிவர். யாரையும் கடிக்காதே என்ற பிரம்மசாரியின் உபதேசத்தை ஏற்ற பாம்பு, மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தது. திரும்பி வந்த குரு அதன் பொறுமையைப் பாராட்டவில்லை. அதன் அறியாமையைக் கடிந்துகொண்டார். கடிக்காதே என்றுதான் அவர் சொல்லியிருந்தார். சீற வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கதையை அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் பொருத்திப் பேசும் நாம், வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு மட்டும் ஏன் பொருத்திச் சொல்வதில்லை?

அன்னை ஸ்ரீசாரதா தேவியாரைவிடப் பொறுமைக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அந்த அன்னையே காமார்புகூரில் தனித்திருந்த காலத்தில், சித்தம் கலங்கிய ஹரீஷ் என்பவர் அவரைத் துரத்தி வந்தார். வீட்டில் உதவிக்கு ஒருவரும் இல்லை. நெற்குதிரைச் சுற்றி ஏழு முறை ஓடிய அன்னை, இனி ஓட இயலாது என்ற நிலையில் நின்றார். துரத்தி வந்தவரைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, அவர் மூச்சுத் திணறும் அளவுக்குக் கன்னத்தில் அறைந்தார். அன்னையின் வரலாற்றை எழுதியவர்கள் இந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை. முதலில் விலகி ஓடுவது, விலக இடமில்லாதபோது தன்னைக் காத்துக்கொள்வது ஆகிய இரண்டும் அன்னையின் வாழ்வில் பொறுமைக்கு முரணாக இருக்கவில்லை.

சினம் செல்லும் இடம்

இனி அடிப்பவரின் பக்கத்தைப் பார்ப்போம். ‘கோபம் வந்தால் அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது, மற்றபடி தங்கமான மனிதர்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது உண்மையானால் அதே மனிதர் அலுவலகத்தில் மேலதிகாரியையும் அடித்திருக்க வேண்டும். பேருந்தில் காலை மிதித்தவரையும் அடித்திருக்க வேண்டும். அங்கெல்லாம் அவருக்குக் கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தெரியாமற் போகிறது.

திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார். தன் சினம் பலிக்காத இடத்தில் அதை அடக்குவது பெரிதன்று. பலிக்கும் இடத்தில் அடக்குபவனே அடக்கியவன் என்பது அவருடைய கருத்து. மனைவி, குழந்தை, முதிய பெற்றோர் ஆகியோரே ஒருவனுடைய சினம் எளிதில் பலிக்கும் இடங்கள். ஆகவே ஒருவனுடைய தவத்தை அளந்து காட்டும் இடம் பூஜையறை அன்று, சமையலறை வாசல்.

குடும்ப வன்முறை என்பது அடி உதை மட்டும் அன்று. ‘குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005’ அதை நான்கு வகையாகக் காண்கிறது. உடலைத் துன்புறுத்துவது ஒன்று. விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் ரீதியில் இழிவுபடுத்துவது இரண்டு. வசைமொழி, பிள்ளையில்லை என்றோ ஆண் குழந்தையில்லை என்றோ குத்திக்காட்டுதல், மிரட்டல் ஆகியன மூன்று. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமை, அவள் சம்பாத்தியத்தையும் சீதனத்தையும் பறித்தல் போன்ற பொருளாதாரக் கொடுமை நான்கு. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒன்றே: இன்னொரு மனிதரைத் தன் பிடிக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை. தாய் வீட்டுக்குப் பேசாதே, கோயிலுக்குத் தனியே போகாதே, என்னைக் கேட்காமல் ஒரு ரூபாய் செலவழிக்காதே என்று அது மெல்லத் தொடங்குகிறது. முதல் அடி விழுவதற்குள் அவளைச் சுற்றியிருந்த மனிதர்கள் ஒவ்வொருவராக விலக்கப்பட்டிருப்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் வெளியிட்ட நூலில் இதன் சுழற்சியை விளக்கினார். வீட்டில் இறுக்கம் வளர்கிறது; பிறகு வன்முறை வெடிக்கிறது; அதன்பின் அழுகை, மன்னிப்பு, புதுப்புடவை, இனிமேல் இல்லை என்ற சத்தியம். சில நாள் அமைதிக்குப் பின் மீண்டும் இறுக்கம். எல்லா வீடுகளிலும் இது இதே வரிசையில் நிகழ்வதில்லை. ஆயினும் பல பெண்கள் தம் வாழ்வை இதில் அடையாளம் காண்கிறார்கள். ‘ஏன் அவள் அப்போதே விட்டுவிட்டுப் போகவில்லை?’ என்று கேட்பவர்கள், அந்தச் சத்தியத்தை நம்பியது அவளுடைய அன்பே என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் சாஸ்திரங்கள் சொல்லும் பிராயச்சித்தமோ கண்ணீரோடு முடிவதில்லை. செய்ததை ஒப்புக்கொள்ளுதல், ஈடு செய்தல், மீண்டும் செய்யாதிருத்தல் ஆகியன சேர்ந்தால்தான் அது நிறைவுறும். மூன்றாவது இல்லாத வருத்தம் அடுத்த அடிக்கான முன்னுரையே.

‘எங்கே போவேன்?’

உண்மையான வருத்தம் எத்தகையது என்பதற்குச் சத்திய சோதனையில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1898-இல் டர்பன் நகரில் காந்தியடிகளின் இல்லத்தில் அவருடைய எழுத்தர்களும் விருந்தினர்போல் தங்குவதுண்டு. அவர்களில் ஒருவருடைய கழிவுக்கலத்தைச் சுத்தம் செய்வது பற்றி வாக்குவாதம் எழுந்தது. கஸ்தூரிபா அந்த வேலையைச் செய்தார். ஆனால் கண்ணீரோடு செய்தார். மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் கத்தினார். சினம் மிகுந்து, மனைவியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, வாயிற்கதவைத் திறந்து வெளியே தள்ள முற்பட்டார். அப்போது கஸ்தூரிபா அழுதுகொண்டே கேட்டார்: உமக்கு வெட்கமில்லையா? நான் எங்கே போவேன்? ஆதரிக்க இங்கே எனக்குத் தாய் தந்தையர் உண்டா, உறவினர் உண்டா? மனைவி என்பதால் உம் அடி உதைகளை நான் தாங்க வேண்டுமா? அவர் கேட்டதன் சாரம் இது. காந்தியடிகள் வெட்கிக் கதவைச் சாத்தினார். பல ஆண்டுகளுக்குப் பின், தம்மைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்காமல், அதை உலகறிய எழுதி வைத்தார்.

உலகம் மகாத்மா என்று போற்றியவர் இதை ஒப்புக்கொண்டிருக்கும்போது, நாம் நம் வீட்டுக் கதவுகளைச் சாத்திக்கொண்டு, இங்கே அப்படி எதுவும் இல்லை என்று சொல்வது எப்படி?

கஸ்தூரிபா கேட்ட ‘எங்கே போவேன்?’ என்ற கேள்வியைத் திருவனந்தபுரத்திலேயே ஓர் ஆய்வு வேறு விதத்தில் கேட்டது. பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகிய ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 502 மணமான பெண்களிடம் விவரம் திரட்டி, 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவரால் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலமும் வீடும் தம் பெயரில் உடையவர்களிடையே அது 7 சதவீதம் மட்டுமே. அடிபட்ட 179 பேரில் 43 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டைவிட்டு வெளியேறினர். அவர்களிலும் 24 பேர் திரும்பி வந்தனர். அப்படித் திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் சொத்தற்றவர்கள். எழுத்தறிவில் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலத்தின் தலைநகரைச் சார்ந்த மாவட்டம் இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கல்வி மட்டும் பெண்ணைக் காக்கவில்லை. போவதற்கு ஓர் இடம் இருந்ததே காத்தது. போக இடம் உள்ளவள்மீது கை எளிதில் ஓங்கப்படுவதில்லை. அவள் உண்மையில் போக வேண்டிய தேவையும் பல நேரங்களில் எழுவதில்லை.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வும் சிந்திக்கத் தக்கது. நாட்டில் மணமான பெண்களில் சுமார் 29 சதவீதத்தினர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். தமிழகத்தில் அது 38 சதவீதம். கேரளத்தில் ஏறத்தாழ 10 சதவீதம். எனினும் கேரளத்திலேயே, சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கேட்கவில்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. அடியைவிட ஆழமாகப் பதிந்திருப்பது ‘இது என் விதி, இது என் கடமை’ என்ற எண்ணம். அந்த எண்ணத்தை ஊட்டியதில் மேடையேறிப் பேசிய என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

சாஸ்திரம் அடிக்கச் சொல்கிறதா?

மனைவியைத் திருத்த அடிக்கலாம் என்ற பொருள்படும் வாசகங்கள் மனுஸ்மிருதியில் உள்ளன; அதை மறைப்பதில் பயனில்லை. ஸ்மிருதிகள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுபவை, சுருதி கூறும் தத்துவங்களே என்றும் நிலைப்பவை என்று சுவாமி விவேகானந்தர் பலமுறை எடுத்துரைத்துள்ளார். அதே கர்மயோகச் சொற்பொழிவுகளில், இல்லறத்தானின் கடமைகளுக்கு அவர் மகாநிர்வாண தந்திரத்தைச் சான்றாகக் கொள்கிறார். மனைவியை ஒருபோதும் அடிக்கலாகாது; தாயைப் போலப் பேண வேண்டும் என்பது அந்நூலின் கட்டளை. எல்லா உயிர்களிலும் ஒரே ஆன்மாவைக் காண்பதே சுருதியின் முடிவு என்றால், கையை ஓங்குபவன் அந்தக் கணத்தில் வேதாந்தத்தை மறுத்தவன் ஆகிறான். அவன் அன்று காலை செய்த அர்ச்சனையும் பாராயணமும் அதை ஈடு செய்யா.

கர்மவினை என்ற வாதமும் அவ்வாறே. கால் முறிந்தால் கர்மவினை என்று சொல்லி நாம் மருத்துவரிடம் போகாமல் இருப்பதில்லை. வினைக்கொள்கை என் துன்பத்தை நான் தாங்குவதற்கு உதவும் மருந்து. பிறர் துன்பத்தை நான் பார்த்துக்கொண்டிருப்பதற்கான அனுமதி அன்று.

உதவி எங்கே கிடைக்கும்?

அந்த அம்மையாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, இது உங்கள் குற்றம் அன்று. குழம்பில் உப்புக் கூடியதோ, பதில் சொன்னதோ அடிக்குக் காரணம் அன்று. இரண்டாவது, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது சொல்லுங்கள். தாய், தோழி, பக்கத்து வீட்டார், மருத்துவர் யாராயினும் சரி. மௌனம் கலைந்த இடத்திலிருந்துதான் உதவி தொடங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்க வேண்டாம்; 112 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண் கேரளத்திலும் தமிழகத்திலும் இரவும் பகலும் இயங்குகிறது. தேசிய மகளிர் ஆணையத்தின் உதவி எண் 7827170170. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

மத்திய அரசின் ‘சகி’ சேவை மையங்கள் 2015 முதல் மாவட்டங்களில் நிறுவப்பட்டுள்ளன. மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, உளவியல் ஆலோசனை, சில நாள் தங்க இடம் ஆகிய அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் தருவதே அவற்றின் நோக்கம். ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்; தமிழகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் அவரைக் காணலாம். அவர் உங்கள் புகாரை எழுதி நீதித்துறை நடுவரிடம் அனுப்புவார். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழங்கியுள்ளது. அதற்கான எண் 15100.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைச் சட்டம் முதன்மையாகச் சிறையில் அடைப்பதற்காக இயற்றப்பட்டது அன்று; காப்பதற்காக இயற்றப்பட்டது. மனுவைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை நடைபெற வேண்டும், அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று அது கூறுகிறது. நடைமுறையில் தாமதங்கள் உண்டு. அதனால் இடைக்கால உத்தரவையும் கேட்டுப் பெறலாம். இனி வன்முறை கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, பராமரிப்புத் தொகை, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றை நடுவர் வழங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. இவை அனைத்திலும் உயர்ந்தது ஒன்று: கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ‘எங்கே போவேன்?’ என்று கேட்டவளுக்கு, ‘நீ ஏன் போக வேண்டும்?’ என்று சட்டம் விடை தந்திருக்கிறது. மனைவி மட்டுமன்று, தாய், சகோதரி, மகள், விதவை மருமகள் என அவ்வீட்டில் உறவால் வாழும் பெண்கள் அனைவரும் இதன்கீழ் வருவர். கடுங்கொடுமைக்குத் தனியே குற்றவியல் தண்டனையும் உண்டு. 1983 முதல் 498ஏ என்று அறியப்பட்ட அப்பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 85-ஆம் பிரிவாக உள்ளது.

வெளியேற முடிவு செய்தால் அதை முன்கூட்டி அறிவித்துவிட்டுச் செய்ய வேண்டாம். பிரியும் வேளையே பல பெண்களுக்கு மிக ஆபத்தான வேளை. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், திருமணச் சான்று, குழந்தைகளின் சான்றிதழ்கள், சிறிது பணம் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் முன்பே கொடுத்து வையுங்கள். காயத்துக்கு மருத்துவம் செய்யும்போது ‘படியில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குழந்தைகளுக்காகவே பொறுக்கிறேன் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: கதவிடுக்கில் நின்று பார்க்கும் குழந்தை இல்லறம் என்றால் இதுதான் என்று கற்றுக்கொள்கிறது.

அத்தாணி

கேரளத்துப் பழைய பாதைகளில், தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி இறக்கி வைத்து இளைப்பாற மூன்று கற்களால் ஆன மேடை இருக்கும். மலையாளத்தில் அதை அத்தாணி என்பர். நாம் சுமைதாங்கி என்போம். தமிழ்நாட்டில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

கவிஞர் சுகதகுமாரி (1934–2020) திருவனந்தபுரத்தில் 1985-இல் தொடங்கிய தொண்டு நிறுவனத்துக்கு ‘அபயா’ என்று பெயர் வைத்தார். அதன் ஓர் அங்கமாக, ஆதரவற்று நிற்கும் பெண்களுக்கு அவர் அமைத்த இல்லத்தின் பெயர் ‘அத்தாணி’. 1996-இல் அமைந்த கேரள மகளிர் ஆணையத்தின் முதல் தலைவியும் அவரே. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்விக குணங்களை எண்ணத் தொடங்கும் பகவான் முதலில் வைப்பது அபயம், அஞ்சாமை. அதன் பிறகே மனத்தூய்மையும் தானமும் தவமும் வருகின்றன. அஞ்சி நடுங்கும் வீட்டில் மற்ற எந்தச் சாதனையும் வேர்பிடிக்காது என்பதை இவ்வரிசை உணர்த்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

நாம் ஒவ்வொருவரும் சுமைதாங்கி ஆகலாம். வன்முறை நிகழ்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம்; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது எந்தப் பொறுப்பும் சுமத்தப்படாது என்று சட்டம் உறுதியளிக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்தபின் ‘இனி அதுதான் உன் வீடு’ என்று சொல்லி அனுப்பும் பெற்றோர், ‘இதுவும் உன் வீடுதான்’ என்று சேர்த்துச் சொல்லலாம். நகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அவள் பெயரில் நிலமாகவோ வீடாகவோ வைக்கலாம். சத்சங்கம் நடத்துபவர்கள் பொறுமையைப் பற்றிப் பேசும் நாளில் உதவி எண்களையும் சேர்த்துச் சொல்லலாம்.

மறு ஆண்டு அதே தெருவில் அந்த அம்மையாரை மீண்டும் சந்தித்தேன். நான் தயங்குவதைப் பார்த்து அவரே பேசினார். பக்கத்து வீட்டு மாமி ஒருவர், இந்த வீட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வந்து கதவைத் தட்டி, “உறைக்குக் கொஞ்சம் மோர் இருக்கா?” என்று கேட்பாராம். கதவு திறக்கும் வரை போகமாட்டாராம். எத்தனையோ முறை அப்படி மோர் வாங்கியபின் ஒருநாள், “நீ சொன்னால் உன்னோடு நான் வருகிறேன்” என்றாராம். இருவரும் சேர்ந்து பாதுகாப்பு அலுவலரிடம் சென்றிருக்கிறார்கள். உத்தரவு கிடைத்தது. கணவர் இப்போது தனியே வசிக்கிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. “ராத்திரி தூங்குகிறேன் மாமா” என்று மட்டும் சொன்னார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஜபத்தை விடவில்லை. அதுதான் மாமியோடு படியிறங்கத் தைரியம் தந்தது” என்றார்.

அவருடைய வீட்டுக்கும் மாமியின் வீட்டுக்கும் நடுவே இருப்பது அதே ஒற்றைச் சுவர்தான். அந்தச் சுவர் வழியே கேட்ட ஒலி தெருவில் பல வீடுகளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். மோர் கேட்டுப் போனவர் ஒருவர்.